தீப்பெட்டியை விட்ட போர்மேன்

எங்கள் ஊரில் பீடி பிடிக்கிறவனுக்கு நெருப்புப் பஞ்சம் வந்ததே இல்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். தெருவில் நடந்தால் காலில் குச்சி மிதிபடும். அந்தச் சிவகாசியில்தான் ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பீடியும் பிடித்தேன். வேலை வெடிமருந்தோடு, பழக்கம் நெருப்போடு. இதைவிடக் கூறுகெட்ட பிழைப்பு உண்டா என்று இப்போது யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அப்போது கேட்டிருந்தால், கேட்டவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பற்றவைத்திருப்பேன்.

கம்பெனி ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் இருந்தது. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே நன்றாக இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்று போனால் மற்றது பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. கேட்டில் காவலுக்கு இருந்தவர் முன்னால் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின் இருக்கும். காலையில் ஆண்கள் வரிசையாக வந்து மடியிலிருக்கும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கேட்காரர் இடுப்பையும் சட்டைப்பையையும் தடவிப் பார்ப்பார். பீடிக்கட்டு கையில் தட்டுப்பட்டால் கண்டுகொள்ளமாட்டார். தீப்பெட்டி இல்லாத பீடி வெறும் இலைதானே என்பது அவருடைய நியாயம். கம்பெனி முழுவதற்கும் அதே நியாயம்தான். குற்றவாளி தீப்பெட்டி, பீடி பாவம் ஒன்றும் அறியாதது. போர்மேன்களை மட்டும் அவர் தடவமாட்டார். "வாங்க அண்ணாச்சி" என்று ஒரு கும்பிடு போடுவார், நாங்கள் டின்னில் பெட்டியைப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவோம்.

சாயங்காலம் மணி அடித்ததும் அந்த டின்னைச் சுற்றி நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து ஒருத்தனும் புகை விட்டிருக்கமாட்டான். ஒருத்தனும் செத்திருக்கவும் மாட்டான். சோறு தின்பான், சிரிப்பான், வேலை பார்ப்பான். கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் கை நடுங்க ஆரம்பித்துவிடும். "ஏலே, எம் பெட்டிய எடுலே, உசுரு போகுது" என்று தள்ளுமுள்ளு. பகல் முழுக்க எங்கே போயிருந்தது அந்த உயிர்? உள்ளே பிடித்தால் கூண்டோடு சாவோம் என்று தெரிந்தபோது அடக்க முடிந்தவனுக்கு வெளியே வந்ததும் அடக்க முடியாதாம். இந்தக் கேள்வியை நான் சத்தமாகவே கேட்டுச் சிரிப்பேன், தள்ளுமுள்ளில் முதல் ஆளாக நின்றுகொண்டு.

என் பொறுப்பிலிருந்தது மருந்து ஷெட். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சலித்துக் கலக்குகிற இடம். பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி என் மனைவி. காரியாபட்டிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தபோது பட்டாசைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். மூன்றே வருஷத்தில் மருந்து சலிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஆனது. தூசி எழும்பாமல், சல்லடை பலகையில் உரசாமல், நிதானமாகச் சலிப்பாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் அவளை ஒரு விஷயத்துக்கும் யோசனை கேட்டதில்லை. அங்கே நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று மற்றப் பெண்கள் எல்லாம் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஷெட்டுக்குள் போகும்போது அவள் நடையே வேறாக இருக்கும்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு உங்க பீடி என்னைய அந்த ஷெட்டுக்குள்ள கொன்னுரும். இல்ல, அந்த ஷெட்ட விட்டு என்னையத் தொரத்திரும். ரெண்டுல ஒண்ணு நடக்கத்தான் போகுது, பாத்துக்கிட்டே இருங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. விட்டுவிடலாம் என்று முதல்முதலாக நினைத்தது அன்றைக்குத்தான்.

விடுவதற்கு எங்கள் ஊரில் வழிகளுக்கா குறைச்சல்? பிடிக்கிறவனைவிட விடுவதற்கு வழி சொல்கிறவன் அதிகம். ஆடியில் எங்கள் கம்பெனி ஆட்கள் ஒரு கூட்டமாக இருக்கன்குடிக்கு நடந்தே போனோம். ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்று, இனிமேல் பீடியைத் தொடமாட்டோம் என்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டோம். கண்ணில் தண்ணீர்கூட விட்டார்கள் சிலர். திரும்பும் வழியில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றதும் ஒருத்தன் சந்தேகம் கிளப்பினான்: விரதம் இன்றையிலிருந்தா, அடுத்த வெள்ளியிலிருந்தா? நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதுதான் முறை என்று இன்னொருத்தன் தீர்ப்புச் சொன்னான். டீ ஆறுவதற்குள் ஏழு பேர் வாயிலும் பீடி. கயிறு கட்டிய கையாலேயே பற்றவைத்தார்கள். எட்டாவது ஆள் நான். மனசாட்சிக்குப் பயந்து இடது கையால் பற்றவைத்தேன்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் லேகியம் விற்றான். ஒரு உருண்டை போட்டுக்கொண்டால் ஏழு ஜென்மத்துக்குப் புகை வாசனையே ஆகாது என்று தொண்டை கிழியக் கத்தினான். வாங்கினேன். சுக்கும் வெல்லமும் வேறென்னவோ கசப்பும். கூட்டம் கலைந்ததும் அவன் தள்ளுவண்டிக்குப் பின்னால் குத்தவைத்து ஒரு சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை. "நமக்கு ஏவாரம், அண்ணாச்சி" என்றான். அந்த மட்டுக்கு யோக்கியன்.

லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர் பீடியை விட்டேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். பதிலுக்கு வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து அடக்கிக்கொண்டார். அவர் நின்ற இடம் எல்லாம் சிவப்பு. பேசவே வாயைத் திறக்க முடியாது, அண்ணாந்துகொண்டு ஊமை பாஷையில் எனக்குப் புத்தி சொல்வார். மூக்குப்பொடிக்கு மாறினவர் தும்மித் தும்மியே பாதி ஆளாகிப்போனார். கிராம்பைக் கடி, சீரகத்தை மெல், குளித்துவிட்டுப் பட்டினி கிட என்று ஆளுக்கொரு வைத்தியம். இவர்களில் ஒருத்தனாவது விட்டானா? எவனும் விடவில்லை. விட்டதாகச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அதற்கு அடிமையாகியிருந்தார்கள்.

இவர்களையெல்லாம் கேலி பேசிய நான் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? தீப்பெட்டியை விட்டேன். பீடியை இல்லை, தீப்பெட்டியை. கம்பெனியில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவனின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். எங்களுக்கு ஆபத்து என்றால் தீப்பெட்டிதான். அதை மடியில் வைக்காதவன் பாதி பீடியை விட்டவன், மீதி தானாகப் போய்விடும். கேட்டில் எல்லோர் முன்னாலும் என் கடைசிப் பெட்டியை அந்த டின்னில் போட்டு, "இதத் திருப்பி எடுக்கமாட்டேன்" என்று சொன்னேன். கேட்காரர் கும்பிட்டார். நாலு பேர் என்னைப் பார்த்து அவர்களும் அப்படியே செய்தார்கள்.

நடந்தது என்ன? நான் ஊருக்கே நெருப்புப் பிச்சைக்காரன் ஆனேன். எதிரே வருகிறவன் வாயில் பீடி இருந்தால் பாதி வழியில் நிறுத்தி, மூஞ்சியோடு மூஞ்சி வைத்து அதிலிருந்து பற்றவைப்பேன். கேட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அங்கே நுனியில் கங்கு கனலுகிற கயிறு ஒன்று எப்போதும் தொங்கும். காலையில் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். மணி அடிக்கிற வரைக்கும் ஒன்றை அணையவிடாமல் அடுத்ததைக் கொளுத்துவேன். நெருப்புக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே முன்னைவிட அதிகம் பிடித்தேன். மணி அடிக்கும்போது பாதி பிடித்த பீடியை எறிய மனசு வராது. நுனியைக் கிள்ளி, காதில் சொருகி, மேலே துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு உள்ளே போவேன். சாயங்காலம் வெளியே வந்ததும் தொடரலாம் அல்லவா?

"தீப்பெட்டிய விட்டுட்டேன், தீப்பெட்டிய விட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீக. பீடி உங்கள விட்ட மாதிரித் தெரியலையே" என்றாள் மனைவி. உனக்கு இதெல்லாம் விளங்காது என்று சொன்னேன். அன்றைக்கு அவளிடம் அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு காலையில் பெட்டிக்கடையில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். மணி அடித்து முடிந்த பிறகுதான் ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் பீடியின் நுனியைக் கிள்ளியதாகத்தான் ஞாபகம். காதில் சொருகித் துண்டைக் கட்டினேன். கேட்காரர் கும்பிட்டார். நேரே மருந்து ஷெட்டுக்குள் போய், முந்தின நாள் வேலை பிந்திவிட்டது என்று சத்தம் போட ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தர் சல்லடை மேலும் குனிந்து குனிந்து பார்த்தேன்.

மனைவியின் பக்கம் வந்தபோது அவள் சலிப்பதை நிறுத்தினாள். சல்லடையைப் பூப்போலக் கீழே வைத்தாள். எழுந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

"வேல நேரத்துல என்ன வெளிய?"

"வாங்கன்னா வாங்க."

என் முழங்கைக்கு மேல் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. அத்தனை பேர் பார்க்க என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உதறப் பார்த்தேன், விடவில்லை. ஷெட்டிலிருந்து நாற்பது அடி தள்ளிக் கை கால் கழுவுகிற தொட்டி இருந்தது. அதுவரை இழுத்துப் போய், வாளியை முக்கி எடுத்து என் தலையில் கொட்டினாள். இன்னொரு வாளி. மூச்சு முட்டியது. பக்கத்து ஷெட் வாசல்களிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

நான் அவளை அறைந்தேன். கன்னத்தில், சத்தம் கேட்க அறைந்தேன்.

அவள் என் தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிரித்து என் கண்ணுக்கு நேரே காட்டினாள். காதுப் பக்கம் வருகிற இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகியிருந்தது. உள்ளே அந்தக் குறைப் பீடி ஈரத்தில் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. துணி கருகுகிற நாற்றம் அவள் மூக்குக்கு எட்டியிருக்கிறது. புகையே பழகிப்போன என் மூக்குக்கு எட்டவில்லை. உள்ளே கத்தியிருந்தால் பெண்கள் எழுந்து ஓடியிருப்பார்கள், தட்டுகளைத் தட்டிவிட்டிருப்பார்கள். என் துண்டை அங்கேயே உருவியிருந்தால் கங்கு தெறித்திருக்கும். அங்கேயே தண்ணீர் ஊற்றியிருந்தால் அலுமினிய மருந்து ஈரம் பட்டுச் சூடேறியிருக்கும். அவ்வளவையும் அவள் ஒரு மூச்சில் யோசித்திருக்கிறாள். நான் குனிந்து பார்த்த சல்லடைகளை எண்ணிப் பார்த்தேன். தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பீடியை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் மடியில் சொருகிக்கொண்டாள். துண்டைப் பிழிந்து சுருட்டி என் கையில் கொடுத்தாள். "சேலை நனைஞ்சு போச்சு, இப்படியே உள்ள போகக் கூடாது" என்று சொல்லி வெயிலில் போய் நின்றாள். கன்னத்தில் என் விரல்கள் தெரிந்தன.

மற்றவர்கள் பார்த்தது என்ன? பெண்டாட்டி புருஷனை இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள், புருஷன் அறைந்தான். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டுவிட்டார்.

"என்னய்யா நடந்துச்சு அங்கன?" என்றார்.

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. நான் சொன்னது மூன்றே வார்த்தை: "வீட்டுச் சண்டை, மொதலாளி."

"வீட்டுச் சண்டைய மருந்து ஷெட்டு வாசல்ல வச்சுக்கிறதா? நாளைக்கு உள்ளயே தண்ணியக் கொட்டுனா? அந்தப் பிள்ளைய நிப்பாட்டிருவோம்."

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை ஷெட் வாசலில் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போனாள். தெருவில் அவளுக்குப் பேரே மாறிப்போனது: புருஷன் தலையில் தண்ணி ஊத்துனவ. குழாயடியில் அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். ஒருத்தருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள்.

நான் பீடியை விட்டேன். அன்றையிலிருந்து ஒன்றைக்கூடத் தொடவில்லை. கயிறு, லேகியம் எதுவும் தேவைப்படவில்லை. பீடிக்கட்டைப் பார்த்தாலே அந்த ஓட்டைதான் ஞாபகம் வரும். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று போனது. கம்பெனியில் எல்லோரும் மெச்சினார்கள். மெச்ச மெச்ச எனக்குத் தலைக்கனம் ஏறியது. விடாதவர்களைப் பார்த்து முன்னைவிட மோசமாக ஏளனம் பேசினேன். என்னைப் போல ஒரே நாளில் விட வேண்டும், அதற்கு நெஞ்சில் உரம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அளந்தேன். அடுத்த வருஷம் புது ஆட்கள் சேர்ந்தபோது முதலாளி அவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, "போர்மேன் எப்படிப் பீடிய விட்டார்னு அவர் வாயாலேயே கேட்டுக்கிடுங்க" என்றார். அரைமணி நேரம் பேசினேன். மன உறுதி என்ற வார்த்தையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கைதட்டலையும் அவளிடம் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு மரத்துப்போயிருந்தது. அவள் பசைக் கிண்ணத்திலிருந்து நிமிரவில்லை.

"தண்ணி ஊத்துனதச் சொன்னீகளா?"

"இல்ல."

"துண்டு கருகுனத?"

"அதுவும் இல்ல."

"என்னைய அறைஞ்சத?" என்றாள். பசை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்க எதத்தான் விட்டீக?" என்று கேட்டுவிட்டு அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டினாள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், அன்று மரத்தடியில் என் பேச்சைக் கேட்ட அந்தப் புது ஆட்களையும் வைத்துக்கொண்டே, குறைப் பீடியிலிருந்து வீட்டுச் சண்டை என்ற பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி நான் முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு, "வீட்டுக்குப் போங்க" என்றார். என் வேலை அதோடு போனது. மறுநாள் காலை ஆள் வந்தது, எனக்கு இல்லை, அவளுக்கு. மருந்து ஷெட்டை இனிமேல் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறிப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லை, பேர் இல்லை, மெச்ச ஆள் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பீடி ஆசை அதற்கு முன்னால் வந்ததே இல்லை. பல்லெல்லாம் வலித்தது. தெருமுனைக் கடை வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பினேன். அதுவரை போன பத்துப் பதினோரு மாதத்தையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கைதட்டலை மென்றுகொண்டு ஓட்டிய காலம் அது, மூக்குப்பொடிக்காரரைவிட நான் ஒன்றும் உசத்தியில்லை. நான் பீடியை விட்டது அந்தப் பகலில்தான்.

சாயங்காலம் வந்தாள். கையில் அலுமினியப் பொடி மினுங்கியது. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்து, "பிடிச்சீகளா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

சரி என்று சொல்லவில்லை. நம்பினேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உலை வைத்தாள். மறுநாளும் வந்து அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிற காலம் வந்த பிறகும், முப்பத்தைந்து வருஷம், ஒரு சாயங்காலம் விடாமல் கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச முடியாமல் கிடந்தபோது கண்ணால் கேட்டாள். ஒரு தடவைகூட என் பதிலை நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் போய்ப் பல வருஷமாகிறது. கேட்க ஆளில்லை. சாயங்காலமானால் நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.